கசகசாவுக்குள் ஒரு சரவெடி: தெரியுமா?

விருதுநகர் பஜாருக்குள் காலையில் நுழைந்தாலே மூக்கு முந்திக்கொள்ளும். மல்லி மூட்டை, வத்தல் மூட்டை, எண்ணெய் டின், பருப்புச் சாக்கு! அதற்கு நடுவே ஒரு பலசரக்குக் கடையில், “அண்ணாச்சி, அம்பது கிராம் கசகசா குடுங்க” என்கிறார் ஓர் அக்கா. சின்னப் பொட்டலம் ஒன்று கைமாறுகிறது.

அங்கிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் சிவகாசி. அந்த ஊர்ப் பட்டாசு ஆலையில் ‘மருந்து’ என்றால் மாத்திரை என்று நினைத்துவிடாதீர்கள். ‘மருந்து கலக்குற ரூம்’, ‘மருந்து செலுத்துறது’ என்று அவர்கள் சொல்வதெல்லாம் வெடிக்கிற மருந்தை!

அந்தக் கசகசாச் செடிக்கும் இந்த வெடிமருந்துக்கும் முந்நூறு ஆண்டுப் பழக்கம் உண்டு, தெரியுமா? ஒரே ஊரில் மூட்டை கட்டப்பட்டு, ஒரே ஆற்றில் படகேறி, ஒரே முதலாளியின் கல்லாவை நிரப்பியவை அவை இரண்டும். திரியைக் கிள்ளிவிட்டோம். சரம் ஆரம்பிக்கிறது, காதைப் பொத்திக்கொள்ளுங்கள்!

சால்னாவுக்குள் அபின் செடி!

விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு ஊற்றுகிற சால்னாவைக் கெட்டியாக்க, தேங்காயோடு சேர்த்து அரைக்கிறார்களே கசகசா, அது எந்தச் செடியின் விதை தெரியுமா? அபின் செடியின் விதையேதான்! வேறு ரகமோ, ஒன்றுவிட்ட உறவோ இல்லை. செடியின் பிஞ்சுக் காயைக் கீறினால் வடிகிற பால் அபின். அதே காய் முற்றிக் காய்ந்தபின் குலுக்கினால் கொட்டுகிற விதை கசகசா. சித்த மருத்துவத்தில் அந்தக் காய்க்குப் போஸ்தக்காய் என்று பெயர்.

பயப்பட வேண்டாம். விதைக்குள் அபின் சுரப்பதில்லை. ஆனால் விதையின் பொடிசைப் பாருங்கள்: ஒரு கிராமில் ஏறக்குறைய 3,300 விதைகள்! அந்த அக்கா வாங்கிப்போன ஐம்பது கிராம் பொட்டலத்தில் மட்டும் 1,65,000 விதைகள். எண்ணிப் பார்க்க யாருக்காவது பொறுமை இருக்கிறதா?

பெட்டிக்குள் கசகசாவா? இறக்கி வையுங்கள்!

மகன் துபாயில் இருக்கிறான், குருமாவுக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று மசாலா சாமானோடு கசகசாவையும் கட்டிக் கொடுக்கிற அம்மாக்கள் கவனிக்க! ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். சவூதியிலும் அப்படித்தான். சிங்கப்பூருக்கும் கொண்டுபோகக் கூடாது. நம் ஊரில் பலசரக்குச் சாமான், விமானம் இறங்கியதும் போதைப்பொருள் வழக்கு! விதையின் மேல்தோலில் காய்ப்பால் துளியூண்டு ஒட்டியிருக்கலாம் என்பதுதான் காரணம்.

அந்தத் துளியூண்டு என்ன செய்யும் தெரியுமா? அமெரிக்காவில் வேலைக்குச் சேருகிறவர்களுக்குச் சிறுநீர்ச் சோதனை உண்டு. கசகசா தூவிய ரொட்டியைத் தின்றுவிட்டுப் போனவர்களெல்லாம் ‘போதை ஆசாமி’ என்று மாட்டிக்கொண்டார்கள்! கடைசியில் 1998-இல் அரசே இறங்கிவந்து, மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம் என்றிருந்த வரம்பை 2,000 ஆக உயர்த்தியது. ரொட்டிக்காகச் சட்டத்தையே தளர்த்திய கதை!

கரிசல் காட்டில் அபினுக்கு ஒரு பங்காளி!

அபின் செடியை நாம் நேரில் பார்க்க முடியாது. தமிழ்நாட்டில் அதை வளர்ப்பதே குற்றம். ஆனால் அதன் குடும்பத்துச் செடியொன்று சாத்தூர் ரோட்டு ஓரத்திலும் தரிசுக் காட்டிலும் தன்னால் முளைத்துக் கிடக்கிறது, தெரியுமா? முள் முள்ளாக இலை, பளீரென்ற மஞ்சள் பூ, கிள்ளினால் மஞ்சள் பால். ஆம், நம் பிரமதண்டுதான்! குடியோட்டிப்பூண்டு என்றும் சொல்வோம். ஊர்க்காரச் செடி என்று நினைத்திருந்தீர்களா? அதன் சொந்த ஊர் மெக்சிகோ!

இதில் அபின் கிடையாது; ஆனால் விஷம் உண்டு. விதை அச்சு அசல் கடுகு மாதிரியே இருக்கும். 1998-இல் டெல்லியில் கடுகெண்ணெயில் இந்த விதையின் எண்ணெய் கலந்து, கால் வீங்கி, மூச்சு முட்டி, 60 பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். எண்ணெய் வியாபாரத்தில் பேர்போன விருதுநகருக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

பாம்பின் வாய் நுரையா அபின்?

‘அபின்’ எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் ‘ஓப்பியோன்’ என்றால் செடிப்பால். அரபுக்காரர்கள் அதை ‘அஃப்யூன்’ ஆக்கினார்கள். கப்பலேறி இங்கே வந்ததும் அபின், அபினி! சமஸ்கிருத வைத்தியர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் ‘அஹிபேனம்’ என்றார்கள். பொருள்: பாம்பின் நுரை! சரகரும் சுஸ்ருதரும் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவர்கள் காலத்துக்கு வெகுகாலம் பின்னால் வந்த சரக்கு இது.

துருக்கியில் ஒரு ஊருக்கே அபின் பெயர், தெரியுமா? அஃப்யோன்கராஹிசார். அபின் கருங்கோட்டை என்று அர்த்தம்! நம் சந்தைக்கு வருகிற கசகசாவில் பெரும்பங்கு இறக்குமதியாவது அந்தத் துருக்கியிலிருந்துதான்.

வெடிக்கு ஏன் ‘மருந்து’ என்று பெயர்?

இது ஆச்சரியங்களின் தாய்! தமிழில் வெடிமருந்து. சீன மொழியில் அதற்கு ‘ஹுவோ யாவ்’ என்று பெயர். நேர்ப்பொருள் என்ன தெரியுமா? தீ மருந்து! இரண்டு மொழியும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே மாதிரி பெயர் வைத்த மாதிரி இருக்கிறதல்லவா?

சீனாவில் அதற்குக் காரணமும் உண்டு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் சாகாவரம் தரும் மருந்தைத் தேடி, வெடியுப்பையும் கந்தகத்தையும் தேனையும் கலந்து பார்த்த சித்தர் மாதிரியான ஆட்களின் தாடி பொசுங்கியதும் குடிசை எரிந்ததும் பழைய ஏட்டிலேயே பதிவாகியிருக்கிறது. உயிரை நீட்டிக்கத் தேடியது, உயிரை எடுக்கிற மருந்தாகிவிட்டது! அதே சீனாவை அடுத்து ஒரு மருந்து ஆட்டிப்படைக்கப் போகிறது. அது கிளம்பிய இடம் நம் நாடு.

பாட்னாவில் ஒரே கிட்டங்கி, இரண்டு மருந்து!

கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் உலகத்துக்கே வெடியுப்பு கொடுத்த இடம் எது தெரியுமா? பீகார்! ஊர்ப்புறத்து மண்ணைக் கரைத்து, காய்ச்சி, உப்பெடுத்து, பாட்னாவில் சேர்த்து, கங்கையில் படகேற்றி அனுப்பினார்கள். ஐரோப்பாவின் பீரங்கிகள் முழங்கியது பீகார் மண்ணின் உப்பில்!

பிளாசிப் போர் முடிந்த மறுவருஷமே, 1758-இல், அந்த வெடியுப்பு வியாபாரம் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. பதினைந்து வருஷம் கழித்து 1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அபினையும் கம்பெனியின் ஏகபோகமாக்கினார். அதே பாட்னா, அதே கங்கை, அதே கம்பெனி. ஒரு மூட்டை சுடுவதற்கு, ஒரு பெட்டி மயக்குவதற்கு!

பிளாசியை ஜெயித்த ராபர்ட் கிளைவ் யார்? 1744-இல் மதராஸுக்கு வந்து குமாஸ்தாவாக வேலையில் சேர்ந்தவர். தீராத வயிற்றுவலிக்கு அவர் எதை விழுங்கிக்கொண்டிருந்தார் தெரியுமா? அபினை! நாட்டைப் பிடித்தவரை மருந்து பிடித்துக்கொண்டது.

பூவிதழில் சுற்றிய உருண்டை!

சிவகாசியில் அணுகுண்டு வெடிக்கு நூல் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பாட்னாவிலும் உத்தரப் பிரதேசத்துக் காசிப்பூரிலும் அபினை எப்படிச் சுற்றினார்கள் தெரியுமா? பீரங்கிக் குண்டு அளவுக்கு உருட்டி, அந்தச் செடியின் பூவிதழ்களையே அடைபோல் தட்டி ஒட்டி, அதில் பொதிந்தார்கள்! ஒரு பெட்டிக்கு 40 உருண்டை. கூரை முட்ட அடுக்கிய அலமாரிகளில் ஆயிரக்கணக்கான உருண்டைகள் வரிசையாகக் காய்வதை, 1850 வாக்கில் ஷெர்வில் என்ற வெள்ளைக்கார அதிகாரி வரைந்தார். அந்தப் படங்கள் அச்சானது கல்லச்சில். பிற்காலத்தில் தீப்பெட்டி லேபிள் அடித்துச் சிவகாசி பேர் வாங்கியதே, அந்த லித்தோ முறைதான்!

இன்னொன்று: பாட்னா குல்ஸார்பாக்கில் இருந்த பழைய அபின் கிட்டங்கி பிறகு என்ன ஆனது தெரியுமா? அரசாங்க அச்சகம்! காலண்டர் அடிக்கிற சிவகாசிக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிக்காமல் இருக்க மாட்டார்கள்.

சீனச் சண்டையில் மதராஸ் சிப்பாய், மழையில் நனைந்த மருந்து!

அபினைச் சீனா வேண்டாம் என்றது. 1839-இல் லின் சேஷு என்ற அதிகாரி, ஆங்கிலேயரிடமிருந்து 20,000 பெட்டிக்கு மேல் பறித்து, சுண்ணாம்பும் உப்பும் போட்டுக் கரைத்துக் கடலில் விட்டார். வந்தது அபின் போர்! 1842-இல் நான்கிங் உடன்படிக்கை; ஹாங்காங் தீவு ஆங்கிலேயர் வசம்.

அந்தப் போரில் நம் ஊர் ஆட்கள் இருந்தார்கள், தெரியுமா? மதராஸ் மாகாணத்துச் சிப்பாய்கள்! 1841 மே மாதக் கடைசியில் கான்டன் பக்கம் சான்யுவான்லி என்ற இடத்தில், 37-வது மதராஸ் காலாட்படையின் ஒரு பிரிவு வழி தவறிவிட்டது. இடியும் மழையும் கொட்டுகிறது. சுற்றிலும் ஈட்டியோடு ஆயிரக்கணக்கான ஊர்க்காரர்கள். துப்பாக்கியை அழுத்தினால் ‘புஸ்’! கருமருந்து நனைந்து நமுத்துவிட்டது. தீபாவளி மழையில் வெடி நமுத்தால் நமக்கு வருத்தம். அவர்களுக்கோ உயிர்ப் போராட்டம்!

கடைசியில் அவர்களைக் காப்பாற்ற வந்த ஆங்கிலேயக் கடற்படை வீரர்களின் துப்பாக்கியில் இருந்தது புதுமாதிரி ‘கேப்’. தட்டினால் தீப்பிடிக்கும், மழைக்கு அசையாது. தீபாவளிக்குப் பொடியன்கள் சுருள் கேப்பை மாட்டி ‘டப் டப்’ என்று அடிக்கிறார்களே, அதே உத்தி!

கல்கத்தாவுக்குப் போன இரண்டு நாடார்கள்!

அபின் ஏலம் போட்டு வளர்ந்த ஊர் கல்கத்தா. அந்தச் சீன ஏற்றுமதி 1913-இல் நின்றுபோனது. ஒன்பது வருஷம் கழித்து, 1922-இல், அதே கல்கத்தாவுக்குச் சிவகாசியிலிருந்து இரண்டு இளைஞர்கள் ரயிலேறினார்கள்: அய்ய நாடார், சண்முக நாடார். கற்றுவரப் போனது தீப்பெட்டித் தொழில். மறுவருஷம் ஊருக்குத் திரும்பி ஆலை தொடங்கினார்கள். தீக்குச்சியில் பிடித்த தீ, மத்தாப்பாகி, பட்டாசாகி, இன்று நாட்டின் பட்டாசில் ஏறத்தாழ 90 சதவீதம் இந்த வட்டாரத்தில்! ஒரு ஊர் ஒரு சரக்கை இழந்த இடத்தில், இன்னொரு ஊர் ஒரு தொழிலைக் கண்டெடுத்தது.

இருபது நாள் இடைவெளியில் இரண்டு குழந்தைகள்!

1903 ஜூன் 25. பீகாரின் மோத்திஹாரியில் ஒரு குழந்தை பிறந்தது. அப்பா ரிச்சர்டு பிளேர், ஆங்கிலேய அரசின் அபின் துறை அதிகாரி. குழந்தை வளர்ந்து வைத்துக்கொண்ட பெயர் ஜார்ஜ் ஆர்வெல்! ‘விலங்குப் பண்ணை’யும் ‘1984’-உம் எழுதியவர் குடித்த பால் அபின் சம்பளத்தில் வாங்கியது.

சரியாக இருபது நாள் கழித்து, ஜூலை 15. விருதுபட்டியில் ஒரு குழந்தை பிறந்தது. அது யார் என்று விருதுநகர்க்காரர்களுக்குச் சொல்லவும் வேண்டுமா? காமராஜர்! வெள்ளைக்கார அரசை ஒருவர் பேனாவால் குடைந்தார், ஒருவர் சிறைக்குப் போய்ச் சலிக்கவைத்தார்.

பொட்டலம் மடித்த பையன் கண்ட பொக்கிஷம்!

அபினில் வலியை அடக்குவது எது? ஆயிரக்கணக்கான வருஷம் யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்தவர் பெரிய பேராசிரியரா? இல்லவே இல்லை! ஜெர்மனியின் பாடர்போர்ன் ஊர் மருந்துக்கடையில் எடுபிடியாக இருந்த இருபது வயது சொச்சப் பையன், பிரீட்ரிக் செர்ட்யூர்னர். 1805 வாக்கில் அபினிலிருந்து வெள்ளைப் படிகம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். கிரேக்கரின் கனவுத் தெய்வமான மார்ஃபியூஸின் பெயரை வைத்தார். அதுதான் மார்ஃபின்! ஒரு செடியின் மருந்துச் சத்தைத் தனியாகப் பிரித்தெடுக்கும் வித்தை அங்கேதான் தொடங்கியது.

சோதித்தது யார் மேல் தெரியுமா? தன் மேலேயே! கூட மூன்று இளைஞர்கள். அளவு எகிறிப்போய் நால்வருக்கும் மயக்கம். வினிகரைக் குடித்து வாந்தி எடுத்துத் தப்பித்தார்கள். இன்று உலகம் முழுக்க ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிற மருந்தின் அந்தப் பரிசோதனை, வினிகர் பாட்டிலோடு முடிந்தது!

ஹெராயினும் ஆஸ்பிரினும் அண்ணன் தங்கை!

1897 ஆகஸ்ட். ஜெர்மனியின் பேயர் கம்பெனி ஆய்வகம். பெலிக்ஸ் ஹாஃப்மன் என்ற ரசாயனக்காரர் ஒரு மருந்து தயாரிக்கிறார்: ஆஸ்பிரின். பதினொரு நாள் கழித்து இன்னொன்று: ஹெராயின்! தலைவலி மாத்திரையும் தலையெழுத்தையே அழித்த போதையும் ஒரே கையால், ஒரே மாதத்தில்! லண்டனில் ஆல்டர் ரைட் என்பவர் 1874-லேயே ஹெராயினைச் செய்துபார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

1898-இல் அது கடைக்கு எதற்காக வந்தது தெரியுமா? இருமல் மருந்தாக! ‘வீரமான’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லிலிருந்து பெயர். நம் சினிமா ஹீரோயினுக்கும் அந்த ஹெராயினுக்கும் வேர் ஒன்றுதான். மார்ஃபின் மாதிரி அடிமையாக்காது என்று சொல்லித்தான் விற்றார்கள்; நடந்தது நேர்மாறு. 1913-இல் பேயர் தயாரிப்பை நிறுத்தியது.

மூளைக்குள் ஒரு தீப்பெட்டி!

பாதுகாப்புத் தீக்குச்சியைச் சுவரில் தேய்த்தால் பற்றாது. குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் உரசினால்தான் தீ. இது சிவகாசிப் பிள்ளைகளுக்குப் பால்பாடம். மார்ஃபினும் அப்படித்தான், தெரியுமா? அது வேலை செய்ய மூளையில் அதற்கென்றே ஒரு ‘பட்டை’ வேண்டும். 1973-இல் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் அதைக் கண்டுபிடித்தார்கள்.

அப்புறம் ஒரு கேள்வி முளைத்தது. எங்கோ வளர்கிற செடிப்பாலுக்காக நம் மூளை ஏன் பட்டை ஒட்டி வைத்திருக்கிறது? 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையைக் கடைந்து விடை எடுத்தார்கள்: உடம்பே சொந்தமாக வலிமருந்து தயாரிக்கிறது! அந்தக் குடும்பத்துக்கு வைத்த பெயர் எண்டார்ஃபின். ‘உள்ளூர் மார்ஃபின்’ என்று பொருள்.

இதற்கு மேல் ஒரு அதிசயம். அபின் வகை மருந்து அளவு மீறி மூச்சு நிற்கப்போகிறவரை எழுப்பி உட்காரவைக்கும் மாற்று மருந்து நலாக்ஸோன். பட்டையில் நமுத்த குச்சியை ஒட்டிவைத்த மாதிரி, இடத்தை அடைத்துக்கொள்ளும். நல்ல குச்சி உரச முடியாது! அந்த நலாக்ஸோனை எதிலிருந்து செய்கிறார்கள் தெரியுமா? அதே அபின் செடியில் இருக்கும் தீபெய்ன் என்ற சத்திலிருந்து! விஷமுறிவும் விஷச்செடியிலேயே!

ஒரே காயில் ஒரு மருந்துக்கடை!

மார்ஃபின் மட்டும் என்று நினைத்தால் தப்பு. 1832-இல் பிரான்சில் ரோபிகே பிரித்தெடுத்த கோடீன், இருமலுக்கு. அதை விழுங்கினால் ஈரலே அதில் ஒரு பகுதியை மார்ஃபினாக மாற்றிவிடும்! 1848-இல் வந்த பாப்பவெரின், சுருங்கிய ரத்தக்குழாயைத் தளர்த்த. இதய பைபாஸ் ஆபரேஷனில் பயன்படுகிறது. நோஸ்கபின் இருமலை அடக்கும், அடிமையாக்காது. நாலும் ஒரு காய்ப்பாலில்!

தண்ணியடித்த குரங்கு, கிறங்கிய கிளி!

காசிப்பூரில் அரசு அபின் ஆலை 1820 முதல் இருக்கிறது. அங்கே கழிவுநீரைக் குடித்துவிட்டுக் குரங்குகள் நாள் முழுக்கத் தூங்கி வழிவது ஊரறிந்த கதை! மத்தியப் பிரதேசத்து நீமச், மந்த்சௌர் பக்கம் கிளித் தொல்லை. கீறிய காயைக் கொத்திக்கொண்டு பறக்கின்றன என்று விவசாயிகள் தலையில் கைவைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில் கங்காரு இனத்துக் குட்டி விலங்கான வாலபி, அபின் வயலில் புகுந்து மேய்ந்துவிட்டுத் தலைசுற்றி வட்டமடித்து விழுவதாக 2009-இல் ஒரு அமைச்சரே சட்டசபைக் குழு முன் சொன்னார்!

உலகத்துக்கே அபின் பால் தருவது யார்?

நாம்தான்! அபின் பாலைச் சட்டப்படி எடுத்து ஏற்றுமதி செய்ய அனுமதி பெற்ற ஒரே நாடு இந்தியா. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் மூன்றில் மட்டும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள், வருஷா வருஷம் லைசென்ஸ் வாங்கி விதைக்கிறார்கள். ஒருவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கால் ஏக்கர் அளவுதான். அரசு அளந்து கொடுத்து, அரசே வாங்கி, அரசு ஆலைக்கே கொண்டுபோகும். பட்டாசு ஆலைக்கு எத்தனை கெடுபிடியோ அதற்குச் சளைக்காத கெடுபிடி! அந்த விவசாயிகள் இதற்கு வைத்த செல்லப் பெயர் ‘காலா சோனா’: கறுப்புத் தங்கம்.

இதையெல்லாம் ஆளுகிற போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த வருஷம் 1985. விருதுநகர் தனி மாவட்டமானதும் அதே 1985-தான்!

திருட்டு அபினில் பல காலம் முதலிடம் ஆப்கானிஸ்தானுக்கு. 2022 ஏப்ரலில் அங்கே தடை வந்தது. மறுவருஷம் சாகுபடி எவ்வளவு குறைந்தது தெரியுமா? 95 சதவீதம்! உடனே முதலிடத்துக்கு வந்துவிட்டது நம் பக்கத்து மியான்மார்.

செடியே வேண்டாம் என்றும் ஒரு வழி வந்திருக்கிறது. 2015-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா ஸ்மோல்கி குழுவினர், ரொட்டி பொங்கவைக்கிற ஈஸ்ட்டின் மரபணுவை மாற்றி, சர்க்கரையிலிருந்தே இவ்வகை மருந்தைத் தயாரித்துக் காட்டினார்கள்!

கடைசி வெடி: நம் செடி, நமக்கு இல்லாத மருந்து!

சரத்தின் கடைசி வெடிதான் பெரிய சத்தம் போடும். 2012 செப்டம்பர் 5. சிவகாசி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து நாற்பது பேர் அளவில் மாண்டார்கள். பிழைத்தவர்கள் பட்டது தீக்காயம். வலியிலேயே கொடிய வலி எது என்று டாக்டர்களைக் கேளுங்கள். புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றும் ஒவ்வொரு தடவையும் தீக்காயக்காரர் படுகிற பாட்டைச் சொல்வார்கள். அந்த நேரத்துக்கென்று இருக்கிற மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை மார்ஃபின். கடைசிக் கட்டப் புற்றுநோய்க்கும் அதுதான்.

இப்போது கேளுங்கள். 2017-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் ஒரு கணக்குப் போட்டது. கடும் வலியில் இருக்கிற நோயாளி ஒருவருக்கு அமெரிக்காவில் கிடைப்பது மார்ஃபின் கணக்கில் வருஷத்துக்கு 55,000 மில்லிகிராமுக்கு மேல். இந்தியாவில் எவ்வளவு தெரியுமா? வெறும் 43 மில்லிகிராம்! தேவையில் 4 சதவீதம்! அங்கே அள்ளிக் கொடுத்து அடிமையானார்கள், இங்கே கிள்ளிக்கூடக் கொடுக்காமல் துடிக்கிறார்கள். உலகத்துக்குப் பால் கறந்து கொடுத்துவிட்டு, வீட்டுப் பிள்ளைக்குச் சங்கில் ஊற்றத் துளி இல்லாத கதை!

காரணம், பயம். 1985-இன் கெடுபிடிச் சட்டத்தைப் பார்த்து ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை வாங்கி வைக்கவே தயங்கின. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, அத்தியாவசிய வலிமருந்துகளுக்கு வழி எளிதானது. பக்கத்துக் கேரளத்தில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கி வைத்த வலிநிவாரண இயக்கம் ஊர் ஊராகப் பரவியது. நம் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்திலும் வலிதணிப்பு ஆதரவுச் சிகிச்சை சேர்ந்திருக்கிறது, வீட்டுக்கே வருகிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் கூடவே. மருந்துச் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை வாங்கிப் போதைக்குப் பயன்படுத்துகிற இளவட்டங்களைப் பற்றி வாராவாரம் செய்தி வருகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் 14446 என்ற கட்டணமில்லா எண்ணைக் கூப்பிடுங்கள். மருந்து கலக்கும் அறையில் அளவு தப்பினால் என்ன ஆகும் என்று சிவகாசிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த மருந்துக்கும் கணக்கு அதேதான்: அளவும் தெரிய வேண்டும், கொடுக்கிற ஆளும் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

அதனால் அடுத்த தடவை, தீக்காயத்தோடோ புற்றுநோயோடோ சொந்தக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் முனகிக்கொண்டிருந்தால், பல்லைக் கடித்துப் பொறுத்துக்கோ என்று சொல்லாதீர்கள். டாக்டரிடம் போய், “வலிக்கு என்ன குடுக்குறீங்க சார்?” என்று கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.